ஃபைஃபாக்ஸ்: அறிவியல் வகுப்புக்கு எவ்வளவு தேறும்?

அறிவியல் கற்பிக்கும் செயலிகள் என்று தேடினால் வந்து குவிபவை பெரும்பாலும் வினாடி வினாக்களும் அசைபடங்களும்தான். மாணவர் பார்க்கிறார், தொடுகிறார், மதிப்பெண் வாங்குகிறார், எதையும் அளப்பதில்லை. ஃபைஃபாக்ஸ் என்ற கைபேசிச் செயலி அந்த ரகம் இல்லை. போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப், காந்தமானி, மைக், அழுத்த உணரி முதலியவை தரும் எண்களை எடுத்து, அந்த நொடியிலேயே வரைபடமாகத் திரையில் போடுகிறது. ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் உருவாகி 2016இல் வெளிவந்தது. இலவசம், விளம்பரம் கிடையாது, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம்.

முதல் வகுப்பில் எதைத் திறப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் முடுக்கத்துக்கு இரண்டு சோதனைகள் உண்டு: ஒன்று புவியீர்ப்பைச் சேர்த்தது, மற்றொன்று புவியீர்ப்பை நீக்கியது. பெயரைப் பார்த்து, ‘நீக்கியதே சுத்தமானது’ என்று இரண்டாவதை எடுக்கத் தோன்றும். முதலாவதுதான் உணரி நேரடியாகத் தருவது. இரண்டாவது, கைரோஸ்கோப்பின் உதவியோடு போன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஊகித்து, அதற்கேற்ப 9.8ஐக் கழித்துப் பெறும் கணக்கு. போன் வேகமாகச் சுழன்றாலோ தடையின்றி விழுந்தாலோ அந்த ஊகம் தடுமாறும். எண்களையும் நம்ப முடியாது.

அதனால் முதலாவதையே திறந்து போனை மேசைமேல் மல்லாக்க வையுங்கள். அசையாமல் கிடக்கும் போன் 9.8 மீ/வி² என்று காட்டும். ‘நகரவே இல்லையே, முடுக்கம் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வி வகுப்பில் தானாக எழும். பதில் சொல்ல அவசரப்படாமல், போனை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தடித்த தலையணைமேல் விழவிடுங்கள். ஏறக்குறைய 0.45 வினாடிக்கு வரைபடம் சுழியை ஒட்டிப் படுத்துவிடும். தலையணையில் மோதியதும் செங்குத்தாகத் துள்ளும். கீழே விழும்போது சுழி, சும்மா கிடக்கும்போது 9.8! முடுக்கமானி அளப்பது இயக்கத்தை அல்ல, போனைத் தாங்கிப் பிடிக்கும் விசையின் விளைவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கரும்பலகைப் படம் இல்லை. விடும்போது போன் புரண்டால் சுழிக்குப் பதிலாக ஒன்றோ இரண்டோ காட்டும். கிடைமட்டமாகப் பிடித்து இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் விலக்கினால் சரியாகும்.

பொத்தானைத் தொடுவதே போனை ஆட்டிவிடும் என்பதால், மெனுவில் உள்ள நேரக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்துங்கள். தொடங்கும் முன் 3 வினாடி தாமதம், அளவீட்டுக்கு 10 வினாடி என்று வைத்தால் போதும். இந்தச் சின்ன வசதி இல்லாமல் பல சோதனைகள் நடக்கவே நடக்காது.

செயலியின் மிகச் சிறந்த சோதனை எது என்று கேட்டால், ஒலிவழி நிறுத்துகடிகாரத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒரு சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு போன்களை வைத்துக்கொண்டு இதைக் கொண்டே ஒலியின் வேகத்தை அளந்துவிடலாம். இரண்டையும் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் தரையில் வையுங்கள். முதல் போனருகே ஒருவர் தட்ட, இரண்டு கடிகாரங்களும் ஓடும். பிறகு இரண்டாம் போனருகே இன்னொருவர் தட்ட, இரண்டும் நிற்கும். முதல் போன் காட்டும் நேரம் சற்று அதிகமாகவும் இரண்டாம் போன் காட்டுவது சற்றுக் குறைவாகவும் இருக்கும். அந்த வித்தியாசம், ஒலி 10 மீட்டர் கடக்கும் நேரம். 20 டிகிரி வெப்பநிலையில் அது சுமார் 29 மில்லிவினாடி. 10ஐ அதனால் வகுத்தால் 343 மீ/விக்கு அருகே வர வேண்டும்.

வராமல் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. தட்டுபவர் இரண்டு போன்களுக்கும் நடுவில் நிற்பது முதலாவது. ஒருவர் மட்டும் அரை மீட்டர் உள்ளே தள்ளி நின்றாலே ஒலி கடக்கும் தூரத்தில் ஒரு மீட்டர் குறைந்துபோகும். வேகம் 381 என்று வரும். அதே அரை மீட்டரை, போன்களை இணைக்கும் கோட்டிலேயே பின்னால் தள்ளி நின்றால் பிழை தானாக அடிபட்டுப்போகும். ஆகவே ‘போனுக்குப் பின்னால் நின்று தட்டு’ என்பதை விதியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, எதிரொலி. குறைந்தபட்ச இடைவெளி என்ற அமைப்பை மிகச் சிறியதாக வைத்திருந்தால், முதல் தட்டலின் எதிரொலியே கடிகாரத்தை நிறுத்திவிடும்; 0.02 போன்ற அபத்தமான நேரம் காட்டும். அதை அரை வினாடிக்கு உயர்த்துங்கள். மூன்றாவது, கைதட்டல். உள்ளங்கையின் மந்தமான ஓசை தூரத்துப் போனில் தாமதமாகப் பதிவாகும். ஒரு மில்லிவினாடி தாமதமே 343ஐ 332 ஆக்கிவிடும். இரண்டு மரக்கட்டைகளை மோதவிட்டால் ஓசை கூர்மையாக இருக்கும். எவ்வளவு சத்தத்துக்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்ற தூண்டல் அளவை, மின்விசிறிச் சத்தத்துக்குக் கடிகாரம் ஓடாத அளவுக்கு உயர்த்தி வைத்தால் போதும். அதற்கு மேல் உயர்த்தினால் ஐந்து மீட்டர் தள்ளி அடிக்கும் ஓசை எட்டாது.

ஊசல் சோதனையில் போனே குண்டு. கைரோஸ்கோப் அளப்பதிலிருந்து அலைவுநேரத்தை, அதாவது ஊசல் ஒருமுறை போய்வரும் நேரத்தை, செயலியே கண்டுபிடித்துக் கொடுக்கும். நீளத்தை உள்ளிட்டால் புவியீர்ப்பு முடுக்கத்தையும் சொல்லும். ஒரு மீட்டர் ஊசலுக்கு 2.0 வினாடி. இங்கே எல்லோரும் விழும் பள்ளம், நீளத்தை நூல் முடியும் இடம் வரை மட்டும் அளப்பது. போனின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். 16 சென்டிமீட்டர் போன் நிமிர்ந்து தொங்கும்போது இதில் 8 சென்டிமீட்டர் விட்டுப்போனால் 9.8க்குப் பதில் 9.0 வரும். ஒற்றை நூலில் கட்டினால் போன் முறுக்கிச் சுழலும். இரண்டு நூல் கட்டுங்கள். வீச்சு 10 டிகிரியைத் தாண்ட வேண்டாம். 30 டிகிரிக்கு இழுத்துவிட்டால் அலைவுநேரம் 1.7 சதவீதம் கூடிவிடும்.

துள்ளும் பந்துச் சோதனையும் அருமை. பந்து தரையில் மோதும் ஓசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை வைத்து, ஒவ்வொரு துள்ளலின் உயரத்தையும் ஆற்றல் இழப்பையும் கணக்கிடுகிறது. இரண்டு மோதலுக்கு இடையே 0.8 வினாடி என்றால் பந்து 78 சென்டிமீட்டர் எழுந்திருக்கிறது. டேபிள் டென்னிஸ் பந்தும் கல் தரையும் சரியான ஜோடி. விரிப்பு போட்ட தரை உதவாது.

சுழலும் நாற்காலியின் விளிம்பில் போனை ஒட்டி மையநோக்கு முடுக்கத்தை அளக்கலாம். முடுக்கத்தைக் கோண வேகத்தின் இருமடிக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்வுதான் ஆரம். அளவுகோலால் அளந்த ஆரத்தோடு ஓரிரு சென்டிமீட்டர் வேறுபட்டால் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். உணரி போனின் நடுவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; அது எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் அதுவே நல்ல வீட்டுப்பாடம்.

ஒலி எழுப்பும் பொருள் நகரும்போது அதிர்வெண் மாறுவதைக் காட்டும் டாப்ளர் விளைவுச் சோதனையை மட்டும் வகுப்பில் தவிர்க்கலாம். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்த்தினால் மாற்றம் வெறும் 3 ஹெர்ட்ஸ்தான். நாற்பது பேர் பேசும் அறையில் அதைப் பிடிப்பது வீண் முயற்சி.

திரையை முழு வகுப்புக்கும் காட்டத் தொலைநிலை அணுகல் என்ற வசதி இருக்கிறது. மெனுவில் அதை இயக்கினால் திரையின் அடியில் ஒரு முகவரி தோன்றும். அதே வைஃபையில் இருக்கும் மடிக்கணினியின் உலாவியில் கடைசி எண் வரை அப்படியே தட்டினால், போன் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும்போதே வரைபடம் புரொஜெக்டரில் ஓடும். செயலியின் மற்ற எதையும்விட வகுப்பறைக்கு இதுவே பெரிய வரம். ஆனால் நிறுவனங்களின் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள், பக்கம் திறக்காது. போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியை அதில் இணைத்தால் சிக்கல் தீரும். அந்த முகவரி தெரிந்த யாரும், அதே வலையமைப்பில் இருந்தால், சோதனையை நிறுத்தவும் முடியும். குறும்புக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்காது.

குறை என்றால், அது செயலியைவிடப் போனிடம்தான் அதிகம். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் கைரோஸ்கோப்போ அழுத்த உணரியோ இருக்காது. இல்லாத உணரிக்கான சோதனைகள் பட்டியலில் மங்கலாகத் தெரியும். ஐபோனில் ஒளி உணரியைத் தொட ஆப்பிள் அனுமதிப்பதில்லை. ஆகவே அந்தச் சோதனைக்கு ஆண்ட்ராய்டுதான். காந்தமுள்ள உறையைக் கழற்றாமல் காந்தப்புலத்தை அளந்தால், 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்க வேண்டிய புவிக் காந்தப்புலம் பல நூறாகக் காட்டும். எனவே வகுப்புக்கு முந்தைய நாளே ஒவ்வொரு போனிலும் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, எந்தக் குழுவுக்கு எது என்று பிரிப்பது நல்லது. நால்வருக்கு ஒரு போன் போதும். அதற்கு மேல் கொடுத்தால் அளவீடு குறைந்து அரட்டை கூடும். விமானப் பயன்முறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் அழைப்பு வந்து செயலி பின்னணிக்குப் போனால் அளவீடு நின்றுவிடும்.

வேதியியலுக்கும் உயிரியலுக்கும் இதில் பெரிதாக எதுவும் இல்லை. வாயு மூலக்கூறுகள், மின்சுற்றில் எலக்ட்ரான் ஓட்டம் போன்று கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் என்ற கணினிப் பாவனைகளை நாடலாம். உலாவியிலேயே இலவசமாக ஓடும். ஆனால் ஊசலுக்கு ஃபெட்டைப் போட்டுக்காட்டுவது சோம்பேறித்தனம். அங்கே உராய்வைச் சுழியாக்கிவிடலாம், பிழை எட்டிப்பார்க்காது. எழுதிவைத்த சமன்பாட்டையே திருப்பிப் படிக்கிறோம். சிறிய வகுப்புகளுக்கு ஆர்டுயினோ சயின்ஸ் ஜர்னல் எளிது. கூகுள் 2016இல் தொடங்கி 2020இல் ஆர்டுயினோவிடம் ஒப்படைத்த அந்தச் செயலியில், அளவீட்டோடு படமும் குறிப்பும் சேர்த்து வைக்கலாம். ஆழமான கணக்குகளை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

அளவீடுகளை எக்செல், சிஎஸ்வி வடிவங்களில் ஏற்றுமதி செய்யலாம் என்பது மேல்வகுப்புகளுக்குப் பெரிய உதவி. செயலி தரும் விடையை அப்படியே எழுதவிடாமல், கோப்பைக் கொடுத்து மாணவரையே சாய்வைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிஎஸ்வியில் தசமத்துக்குப் புள்ளியா காற்புள்ளியா என்று கேட்கும், புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். தவறினால் விரிதாள் எண்களை எழுத்தாக எடுத்துக்கொண்டு வரைபடம் போட மறுக்கும். சொந்தமாகச் சோதனை வடிவமைக்க இணையவழித் தொகுப்பி ஒன்றும் உண்டு. உருவாக்கியதைக் கியூஆர் குறியீடாக மாற்றிச் சுவரில் ஒட்டினால், மாணவர்கள் ஸ்கேன் செய்து அதே சோதனையைத் திறக்கலாம். தொகுப்பியின் முகப்போ நிரல் எழுதத் தெரிந்தவர்களை மனதில் வைத்துச் செய்ததுபோல் இருக்கிறது. கட்டங்களையும் கோடுகளையும் இணைத்துப் பழக ஒரு மாலைப்பொழுது தேவைப்படும். உள்ளிருக்கும் சோதனைகளை ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திய பிறகு அந்தப் பக்கம் போனால் போதும்.