எண்ணுருவை எண்ணுவதா, பிழையை எழுதுவதா?

ஓர் அளவீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் செய்முறை ஏட்டில் காட்ட இரண்டு வழிகள் உள்ளன. முக்கிய எண்ணுருக்களை (உறுதியான இலக்கங்களும் ஐயத்திற்குரிய கடைசி ஓர் இலக்கமும்) எண்ணி, அதற்கு மேற்பட்ட இலக்கங்களை முழுமைப்படுத்திவிடுவது ஒன்று. அளவோடு அதன் பிழையையும் ± குறியிட்டு எழுதுவது மற்றொன்று. பதினோராம் வகுப்புக்கு இரண்டையும் கற்பிக்கிறோம். ஆனால் எதை எங்கே பயன்படுத்துவது என்பதை அழுத்திச் சொல்வதில்லை.

கிருஷ்ணகிரியில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை என்பதால், கனஅளவு காணும் சோதனைக்கு மெருகேற்றிய ஒரு துண்டையே எங்கள் ஆய்வகத்தில் வைத்திருக்கிறோம். மீட்டர் அளவுகோலில் அதன் நீளம் 60.5 செ.மீ., அகலம் 30.2 செ.மீ.; வெர்னியர் அளவியில் தடிமன் 1.86 செ.மீ. பெருக்கினால் கணிப்பான் 3398.406 என்று காட்டும். மூன்று அளவுகளிலும் மும்மூன்று முக்கிய எண்ணுருக்களே இருப்பதால், முதல் வழியில் விடை 3.40 × 10³ கன செ.மீ. ஆகிறது. அரை நிமிட வேலைதான். தேவையற்ற இலக்கங்கள் உதிர்ந்துவிடுகின்றன.

இரண்டாம் வழியில், அளவுகோலுக்கு 0.1 செ.மீ., வெர்னியருக்கு 0.01 செ.மீ. என மீச்சிற்றளவையே (கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) பிழையாகக் கொண்டு, ஒப்பீட்டுப் பிழைகளை (பிழையை அளவால் வகுத்து வருபவை) கூட்டினால் மொத்தம் ஏறத்தாழ 1 விழுக்காடு வருகிறது. எனவே விடை (3.40 ± 0.04) × 10³ கன செ.மீ. கடைசி இலக்கம் ஐயத்திற்குரியது என்பதை மட்டுமே முதல் வழி சொன்னது. அந்த இலக்கம் இருபுறமும் நான்கு வரை நகரக்கூடும் என்பதையும், பிழையில் பாதிக்கு மேல் தடிமனிலிருந்தே வருகிறது என்பதையும் இரண்டாம் வழிதான் காட்டியது. இன்னும் நுட்பமாக அளக்க விரும்பும் மாணவர் வெர்னியரைவிட நுட்பமான திருகு அளவியைத் தடிமனுக்கே எடுக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

எண்ணும் முறையில் வேறொரு குறையும் உண்டு. 99 செ.மீ., 101 செ.மீ. ஆகிய இரண்டும் ±1 செ.மீ. பிழையுடன் அளக்கப்பட்டால் நம்பகம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றுக்கு இரண்டு எண்ணுருக்கள், மற்றதற்கு மூன்று.

இறுதிச் சுழிகளில் குழப்பம் இன்னும் கூடும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு 8000 கன அடி என்று செய்தி வந்தால், தசமப்புள்ளி இல்லாத எண்ணின் இறுதிச் சுழிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற வழக்கமான விதிப்படி அதில் ஒரே ஒரு முக்கிய எண்ணுருதான். அளந்தவர் நூறு கன அடி வரை உறுதியாகச் சொல்லியிருந்தாலும் அது மறைந்துபோகிறது. 8.0 × 10³ என்று எழுதினால் இந்தக் குறை தீரும். கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டத்தை 50 அடி என்பதற்கும் 50.00 அடி என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. இத்தகைய அன்றாட அளவுகளுக்கு, கவனமாக எழுதப்பட்ட எண்ணுருக்களே போதும்; ± தேவையில்லை.

ஆய்வக ஏட்டின் இறுதி விடைக்கு மட்டும் ± கட்டாயம் என்பதே என் முடிவு. இடைப்படிகளில் ஓர் இலக்கம் கூடுதலாக வைத்துக்கொண்டு, கடைசியில் முழுமைப்படுத்த வேண்டும்.

ஆனால் ± கூடக் காட்டாத பிழையும் உண்டு. வெர்னியரில் +0.03 செ.மீ. சுழிப்பிழை (தாடைகள் மூடியிருக்கும்போதே சுழிக்குப் பதில் காட்டும் அளவு) இருந்து, அதைத் திருத்த மறந்திருந்தால், உண்மையான தடிமன் 1.83 செ.மீ.; கனஅளவு 3344 கன செ.மீ. அது 3360 முதல் 3440 வரையிலான நம் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. ஆகவே தாடைகளை மூடிச் சுழிப்பிழையைப் பார்த்து, அதை ஏட்டின் முதல் வரியில் எழுதிய பிறகே துண்டைக் கையில் எடுக்கச் சொல்கிறேன்.