முள்ளோடை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்

கடலூர்க்காரர்களுக்கு இந்தப் பழக்கத்தை விளக்க வேண்டியதில்லை: புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள் ஊரில் பெட்ரோல் போடாமல், எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிய பிறகே போடுவார்கள். பெட்ரோல் ஜி.எஸ்.டி.க்குள் வராததால் வாட் வரியை அந்தந்த அரசே தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் அது 13 சதவீதமும், அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். 2025 ஜனவரியில் உயர்த்திய பிறகும் புதுச்சேரியின் வரி இதைவிடக் குறைவு. நான் போன அன்று லிட்டருக்கு 6 ரூபாய் வித்தியாசம் இருந்தது.

கன்னியக்கோவில் பக்கம் நான் நிறுத்திய பங்க்கில் அளவைப் பற்றிக் குறை இல்லை. பணியாளர் மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டிய பிறகே போட்டார். கேட்டதும் ரசீது தந்தார். ஆனால் காருக்கும் இருசக்கர வண்டிக்கும் ஒரே வரிசை என்பதால் கால் மணி நேரம் நின்றேன். அவ்வளவு நேரமும் எனக்கு முன்னால் நின்ற பெரிய கார், ஏ.சி.க்காக இன்ஜினை அணைக்கவே இல்லை. காற்றடிக்கும் இயந்திரத்தைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். டயரில் காற்று இறங்கினால் மைலேஜும் இறங்கும் என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு உறுத்தியது.

நின்ற நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோலுக்காகவே கடலூரிலிருந்து போய்வர 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் என் வண்டிக்கு அந்த ஓட்டத்துக்கே 38 ரூபாய் ஆகிவிடும். 4 லிட்டர் போட்டு மிச்சமாவது 24 ரூபாய்தான். முன்னால் நின்ற கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் தரும் என்றாலும், 50 லிட்டர் நிரப்பினால் 300 ரூபாய் மிச்சம், போய்வரும் செலவு 160. அதிகம் குடிக்கிற வண்டியிடம் அதிகம் வாங்கி, மைலேஜ் தரும் வண்டியின் பக்கம் ஆளைத் திருப்ப வேண்டிய வரி, எல்லையோரத்தில் பெரிய டேங்க் வைத்திருப்பவருக்குத் தள்ளுபடியாகிவிடுகிறது. எரிபொருள் வரியால் சிக்கனமான வண்டியை ஊக்குவிக்கலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு, பக்கத்துப் பக்கத்து அரசுகள் இரண்டும் வரியை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்தாக வேண்டும்.

புதுச்சேரியில் வேலை இருக்கும் நாளில் மறுபடியும் இந்த பங்க்கில் போடுவேன், காற்றைக் கடலூரிலேயே அடித்துக்கொண்டு.