சாவி கொடுத்தால் ஓடும்: எச்.எம்.டி ஜனதா கைக்கடிகாரம்

எச்.எம்.டி ஜனதா விலை குறைந்த கடிகாரம். அலங்காரம் இல்லாதது, தினமும் சாவி கொடுக்க வேண்டியது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் அப்பா எழுபதுகளில் வாங்கிய ஜனதா, 1984இல் நான் பிளஸ் டூ தேர்வு எழுதப் போனபோது என் கைக்கு வந்தது. அதன் பிறகு என் வேலையிலும் குடும்பத்திலும் ஏதோ ஒரு விதத்தில் அது இருந்துகொண்டே இருக்கிறது. பழைய எச்.எம்.டி கடிகாரங்களைத் தேடி வாங்கும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களில் பலர் அதன் அழகைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதை அன்றாடம் கட்டிக்கொண்டு பிழைப்பு நடத்தினால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

பெங்களூரில் 1953இல் இயந்திரங்கள் செய்யும் இயந்திரங்களைத் தயாரிப்பதற்காகத் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் எச்.எம்.டி. நேரு பிரதமராக இருந்த 1961இல், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு அது கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று பின்னாளில் ஆலைகள் பெருகின. கறுப்பு முகம் கொண்ட பைலட், மெல்லிய சோனா, சாவி கொடுக்காமலே ஓடும் காஞ்சன் ஆகியவற்றுக்கு நடுவில், சம்பளக்காரர் யோசிக்காமல் வாங்கக்கூடியதாக இருந்தது ஜனதா. இறக்குமதிக் கடிகாரம் என்றால் கடத்தல் சரக்கு என்று பொருள்பட்ட அந்தக் காலத்தில், ரசீதோடு கடையில் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்பதே பெரிய விஷயம்.

எங்களுடையது வெள்ளை முகம். எண்களுக்குப் பதிலாகக் கோடுகள், நடுவிலிருந்தே சுழலும் நீண்ட வினாடி முள், ‘17 ஜுவல்ஸ்’ என்பது போன்ற சில சிறிய எழுத்துகள், அவ்வளவுதான். பதினேழு ஜுவல்ஸ் என்பது ஏதோ விலையுயர்ந்த கல் பதித்திருப்பதைப் போல ஊரில் பேசப்பட்டதுண்டு. உண்மையில் அவை சக்கரங்களின் அச்சு முனைகள் தேயாமல் சுழல்வதற்காக வைக்கப்படும் செயற்கை மாணிக்கத் துண்டுகள். விற்றால் ஒரு காப்பிக்குக்கூடக் காணாது. குறுக்களவு சுமார் 35 மில்லிமீட்டர். இன்றைய தட்டுப் போன்ற கடிகாரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெண்கள் கடிகாரமோ என்று தோன்றலாம். ஆனால் முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்குள் இடறாமல் நுழைவது இந்த அளவுதான்.

பொன்மலையில் வளர்ந்தவர்களுக்கு நேரம் என்பது பணிமனைச் சங்குதான். சங்கு ஊதினால் அப்பாக்கள் கிளம்புவார்கள், மறுபடி ஊதினால் சாப்பாட்டுத் தூக்கு போக வேண்டும். எனவே எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரத்துக்குக்கூட பெரிய அவசியம் இருந்ததில்லை. அப்படியிருந்தும் அப்பா ஜனதாவுக்கு ஒரு சடங்கைப் போலச் சாவி கொடுப்பார்: காலையில் முகம் மழித்து முடித்ததும், கையிலிருந்து கழற்றிய நிலையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் திருகைப் பிடித்து, ஒரே வேகத்தில், விரலுக்குத் தடை தெரியும் வரை. கட்டியபடியே சாவி கொடுத்தால் திருகின் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும் என்பார். சக்கரங்களோடும் அச்சுகளோடும் வாழ்ந்த பணிமனைக்காரர் சொன்ன அந்த ஒரு விதியை இன்று வாங்கும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லுவேன். தண்டு தேய்ந்தால் அந்த வழியாகத்தான் தூசியும் வியர்வையும் உள்ளே போகும்.

தேர்வுக்காக அதை என்னிடம் கொடுத்தபோது வார் என் மணிக்கட்டில் நிற்கவில்லை. சந்தை வாசலில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய் இரண்டு துளைகள் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். தேர்வு அறையில் அரை மணிக்கு ஒரு முறை மணி அடிப்பார்கள் என்றாலும், மணிக்கும் மணிக்கும் இடையில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியாமல் தவிப்பவர்களே அதிகம். கடிகாரத்தைக் கழற்றி மேசையின் மேல் ஓரத்தில், பேனா மைப்புட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். வெள்ளை முகத்தில் கறுப்புக் கோடுகள் இருப்பதால், தலையை முழுதாக நிமிர்த்தாமல் ஓரக்கண்ணாலேயே மணி பார்க்க முடியும். பள்ளிப் பிள்ளைக்கோ தேர்வு எழுதுபவருக்கோ கடிகாரம் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். ஒரு கடிகாரத்துக்குள் மூன்று சிறு கடிகாரங்கள் இருக்கும் இன்றைய மாதிரிகள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

கடிகாரத்தின் உண்மையான பரீட்சை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகே நடந்தது. திருச்சியில் ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே அஞ்சல் பிரிவில் கடிதம் பிரிப்பவனாகச் சேர்ந்த புதிதில், சென்னை எழும்பூருக்குப் போகும் மீட்டர்கேஜ் இரவு வண்டிகளின் அஞ்சல் பெட்டியில் எனக்குப் பணி. ஓடும் வண்டியில் நின்றுகொண்டே கடிதங்களை ஊர்வாரியாக அறைகளில் எறிவது, கட்டுவது, பைக்குள் போட்டு அரக்கு முத்திரை வைப்பது, அடுத்த நிலையம் வருவதற்குள் இறக்க வேண்டிய பைகளைக் கதவோரம் நகர்த்துவது என்று இரவு முழுக்க வேலை நேரத்தைத் துரத்திக்கொண்டே இருக்கும். எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு எத்தனை பை இறங்கியது என்பதை அன்றாட அறிக்கையில் எழுதியாக வேண்டும். பை தவறினால் முதலில் பார்க்கப்படுவது அந்த நேரக்குறிப்புதான். மூத்தவர் ஒருவர் முதல் வாரத்திலேயே, “தம்பி, ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து முள்ளை வச்சுக்க. வண்டிக்குள்ள உன் கடிகாரம்தான் ஸ்டேஷன்” என்றார். எழும்பூரில் இறங்கியதும் நடைமேடைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் எல்லோருக்குமே பழக்கமாகியது. என் ஜனதா ஒரு நாளைக்கு அரை நிமிடம் போல முன்னால் ஓடும். அந்த அரை நிமிடம் கூடவோ குறையவோ செய்யாமல் நிலையாக இருந்ததால், அதைக் கழித்துக்கொண்டு எழுதுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. சாவிக் கடிகாரத்தில் நாம் எதிர்பார்க்க வேண்டியது துல்லியத்தை அல்ல, இந்த நிலைத்தன்மையைத்தான்.

அலுவலகத்தில் தேதி முத்திரை அடிக்கும் பணி இருக்கும் நாட்களில் நூற்றுக்கணக்கான உறைகளின் மேல் சுத்தியலைப் போல வலது கை விழுந்துகொண்டே இருக்கும். கடிகாரத்தை இடது கையில் கட்டினாலும் மேசையின் அதிர்ச்சி அதற்குப் போகாமல் இருக்காது. உள்ளே ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை மயிரிழைதான் இருக்கும். பழைய கடிகாரங்களில் முதலில் உடைவது அதுதான். ஜனதாவில் அந்த முனையைத் தாங்கும் கல்லை நுண்ணிய வில் ஒன்று பிடித்திருக்கிறது. அடி விழுந்தால் கல் சற்று நகர்ந்து கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பும். சிட்டிசனிடமிருந்து வந்த இந்த ஏற்பாட்டின் பெயரான ‘பாரா ஷாக்’ என்பதை முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். அவ்வளவு அதிர்ச்சிக்கும் பிறகு அந்த அச்சு இன்றுவரை மாற்றப்படவில்லை.

டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், 1987இல் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை விற்கத் தொடங்கியது. மின்கலத்தில் ஓடுவது, மாதத்துக்குச் சில வினாடிகளே பிசகுவது, பார்வைக்கு நகை போல இருப்பது என்று எல்லா வகையிலும் அது அடுத்த தலைமுறைப் பொருள். என் சக ஊழியர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். என் கல்யாணத்துக்கு மாமனார் போட்டதும் தங்க நிற குவார்ட்ஸ் கடிகாரம்தான். எச்.எம்.டியும் குவார்ட்ஸ் செய்தது, ஆனால் மக்களின் கண் எங்கே போகிறது என்பதை அது உரிய காலத்தில் கவனிக்கவில்லை என்பது என் கருத்து. 2016 ஜனவரியில் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெங்களூர் ஜாலஹள்ளியில் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. கடிகாரத்தில் ஆர்வமுள்ளவர்கள் அரை நாள் ஒதுக்கிப் பார்க்கலாம்.

பீரோவுக்குள் போன ஜனதாவை வெளியே எடுத்தவள் என் மனைவி. அவள் அரசு மருத்துவமனையில் செவிலியர். கல்யாணக் கடிகாரத்தில் வினாடி முள் கிடையாது. நாடி எண்ணுவதற்கு அது உதவாது. ஜனதாவின் வினாடி முள்ளோ முகத்தின் விளிம்புக் கோடுகள் வரை நீண்டு தொடுகிறது. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் அவளுக்குப் பிடிக்காது. முள் ஒரு சுற்று முழுதாக வரும் வரை விரலை எடுக்க மாட்டாள். வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு நிமிடம் அவள் முள்ளைப் பார்த்திருக்க, நான் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன். விளக்கைப் போட வேண்டியிருந்தது என்பதையும் குறையாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் எங்கள் ஜனதா இருட்டில் ஒளிராது.

பிள்ளைகள் வளர்ந்ததும் சாவி கொடுக்கும் உரிமைக்காகச் சண்டை வந்தது. ஒருநாள் மகன் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம், அதன் பிறகு திருகு எவ்வளவு சுற்றினாலும் முடிவில்லாமல் சுற்றியது. அவன் அழுத அழுகையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. சின்னக்கடை வீதிப் பக்கம் கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாயிடம் அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தவர், இரண்டாக ஒடிந்த மெயின் ஸ்பிரிங்கை இடுக்கியால் தூக்கிக் காட்டி, “சாவி அதிகமாக் குடுத்தா ஒடையாது தம்பி, அதுக்கு வயசாயிருச்சு. நீ இல்லேன்னா உங்க அப்பா கையில ஒடைஞ்சிருக்கும்” என்று மகனிடம் சொன்னார். இது ஆறுதலுக்காகச் சொன்னது மட்டுமல்ல. நல்ல நிலையில் உள்ள கடிகாரத்தில் முழுச் சாவி கொடுப்பதால் கெடுதல் இல்லை. தடை தெரிந்த பிறகும் பலவந்தமாகத் திருகுவதுதான் ஆபத்து. புதிய ஸ்பிரிங் போட்டு, பிரித்துக் கழுவி, எண்ணெய் வைத்துக் கொடுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய கடிகாரக் கடையில், “இதற்கெல்லாம் இனி பாகம் கிடைக்காது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கண்ணாடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். பாயின் மேசை இழுப்பறையிலோ செத்துப்போன ஜனதாக்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன.

இந்தக் கடிகாரத்தின் உண்மையான பலம் அந்த டப்பாதான். லட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்ட ஒரே வகை இயந்திரம் என்பதால் ஒன்றின் சக்கரம் இன்னொன்றுக்குப் பொருந்தும். பழைய ஆட்கள் எல்லோருக்கும் அதன் உள்கட்டு மனப்பாடம். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை சர்வீஸ் செய்தால் போதும். எண்ணெய் உலர்ந்த பிறகும் ஓடுகிறதே என்று விட்டுவிடுவதுதான் பல கடிகாரங்களைக் கொன்றிருக்கிறது.

குறைகளும் உண்டு. தண்ணீர் ஆகவே ஆகாது. மழையில் நனைந்தால் கண்ணாடிக்குள் ஆவி படியும், உடனே திறந்து உலர்த்தாவிட்டால் துரு பிடிக்கும். கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது அக்ரிலிக்; எளிதில் கீறும், ஆனால் பற்பசை வைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் சிறு கீறல்கள் மறைந்துவிடும். தேதி கிடையாது. திருகை இழுத்தாலும் வினாடி முள் நிற்காது என்பதால் வினாடிச் சுத்தமாக நேரம் வைக்க இயலாது. ஒலிபெருக்கியின் மேல் வைத்தால் காந்தம் ஏறி நிமிடக் கணக்கில் ஓட்டம் பிடிக்கும். என் மகள் புண்ணியத்தில் அதையும் பார்த்திருக்கிறோம். கருவி உள்ள கடையில் காந்தத்தை ஒரு நொடியில் இறக்கிவிடலாம்.

இப்போது வாங்க நினைப்பவர்கள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான ஜனதாக்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கிளிப்பச்சை, ஆரஞ்சு, ஊதா முகங்களோடு வருபவை பெரும்பாலும் பழைய இயந்திரத்தின் மேல் புதிதாக அச்சடித்த முகத்தை ஒட்டியவை. எழுத்துகளின் விளிம்பு பிசிறடித்திருந்தாலோ, கோடுகள் முள்ளோடு நேராக அமையாவிட்டாலோ, நாற்பது ஆண்டுப் பழைய பொருளின் முகத்தில் ஒரு புள்ளி மங்கல்கூட இல்லாவிட்டாலோ சந்தேகப்படுங்கள். சற்றுப் பழுப்பேறிய, யாரோ ஒருவர் உண்மையில் கட்டிய முகமே நல்லது. உள் இயந்திரத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். ‘சர்வீஸ் செய்தது’ என்ற வார்த்தையை நம்பாமல், வந்ததும் உங்கள் ஊர்க் கடிகாரக்காரரிடம் ஒரு முறை பிரித்துக் கழுவிவிட்டு, அதன் பிறகு கட்டுங்கள். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இன்றும் அந்தப் பணத்துக்கு இவ்வளவு நல்ல சாவிக் கடிகாரம் கிடைப்பது அரிது. தினமும் சாவி கொடுக்க மறந்துவிடுவேன் என்பவர்கள் குவார்ட்ஸ் வாங்கிக்கொள்வது உத்தமம்.