ஒழுகுவது ஓர் இடம், நுழைவது வேறிடம்: 5 வருட மோட்டார்ஹோம் அனுபவம்

என் மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்து, படுத்துத் தங்கும் வண்டி) மாடலில் ஒன்று வாங்கலாமா என்று ஒரு நண்பர் போன வாரம் கேட்டார். கூரையோரத்தின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு அப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கியிருந்தேன். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதற்கான காரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்ஜின், பிரேக், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எதிலும் 5 வருடத்தில் பெரிய குறை இல்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது மழைத்தண்ணீர் மட்டும்தான்.

மூன்றாம் வருடம், படுக்கைக்கு மேலே இருக்கும் மூலையில் சுவர் உறை லேசாக உப்பியது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. ஓரடி தள்ளி ஸ்கைலைட் (கூரை ஜன்னல்) இருந்ததால் அதுதான் காரணம் என்று நினைத்து, சுற்றிலும் பழைய சீலன்ட்டை (இடுக்கை அடைக்கும் பசை) வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டேன். அடுத்த மழையில் அதே மூலை நனைந்தது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் நனைந்தது.

இந்த வண்டிகளின் சுவர் எப்படி இருக்கும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். வெளியே அலுமினியத் தகடு, நடுவில் ஃபோம், உள்ளே மெல்லிய ப்ளைவுட், இடையிடையே மர ரீப்பர். ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாக உள்ளே வரும் தண்ணீர் நேராகக் கீழே சொட்டாது. ரீப்பரைப் பிடித்துக்கொண்டே ஓடி, எங்கே இணைப்பு விலகியிருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். சுவருக்குள் அது எவ்வளவு தூரம் ஓடி வந்தது என்பதை வெளியே தெரியும் ஈரம் சொல்லவே சொல்லாது.

குளிர்ந்த காலையில் மழையே இல்லாமல் சுவர் வியர்ப்பதும் உண்டு. அது நம் மூச்சுக்காற்றின் ஈரம். அதைப் பிரித்தறிய மழை நாளையும் ஈர நாளையும் குறித்து வைத்தேன். வண்டி நிற்கும் சாய்வையும் குறித்ததில்தான் துப்பு கிடைத்தது. முன்பக்கம் உயர்ந்து நின்றால் அந்த மூலை நனைகிறது. முன்பக்கம் தாழ்ந்து நின்றால் எவ்வளவு மழைக்கும் காய்ந்தே இருக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் முன்னாலிருந்து பின்னால் ஓடி வருகிறது. ஸ்கைலைட்டோ மூலைக்குப் பின்பக்கம் இருக்கிறது!

இரண்டு ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினேன். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20 தாண்டினால் தேட ஆரம்பிக்க வேண்டும். 30க்கு மேல் போனால் மரம் மக்கத் தொடங்கியிருக்கலாம். மூலையில் 34 காட்டியது. கூரையோரமாகச் சாண் சாணாக முன்னால் நகர்ந்தேன். 29, 26, 24 என்று போய், வெயில் மறைப்புத் துணி மாட்டும் ரெயிலின் நடுப்பகுதி தாண்டியதும் 12. அப்புறம் ஹோஸால் சோதித்தேன். கீழிருந்து மேலாக, ஓர் இடத்துக்கு 10 நிமிடம், பீய்ச்சாமல் வழியவிட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து எதுவும் தெரியாது. மனைவி உள்ளே டார்ச்சோடு இருந்தாள். கடைசி உறுதி சோப்புத் தண்ணீரில் கிடைத்தது. ஜன்னல், காற்றுத் துளை எல்லாவற்றையும் அடைத்து, மின்விசிறியால் உள்ளே காற்றைத் திணித்து, வெளியே சோப்புத் தண்ணீர் பூசினோம். ரெயிலின் இரண்டு ஸ்க்ரூக்களில் குமிழ் வந்தது. ஒன்றரை வருடமாகத் தேடியது அந்த இரண்டு குமிழைத்தான். அந்த நிமிடத்தின் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரெயிலைக் கழற்றியதும் கோபம் வந்தது. ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து, அடியில் இருந்த சீலன்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கு மேல், முன்பு சர்வீசுக்கு விட்ட இடத்தில் யாரோ சிலிக்கோன் சீலன்ட்டை அப்பியிருந்தார்கள். சிலிக்கோன் படிந்த இடத்தில் வேறு சீலன்ட் ஒட்டாது, புது சிலிக்கோன்கூடச் சரியாக ஒட்டாது. வினிகர் வாசனை வரும் வகை உலோகத்தையும் அரிக்கும். அதைச் சுரண்டி எடுக்கவே 2 நாள் ஆனது.

ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் மக்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் உள்பக்க ப்ளைவுட்டை வெட்டித் திறந்து, டிஹ்யூமிடிஃபையரை (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) 3 வாரம் ஓடவிட்டு, மக்கிய ரீப்பரில் 60 சென்டிமீட்டர் மாற்றினேன். பிறகு ரெயிலுக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை), துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ, மேல் விளிம்பில் பாலியூரித்தேன் சீலன்ட். பியூட்டைல் மெல்லப் பிதுங்கும் என்பதால் மறுநாளும் ஒரு தடவை முடுக்க வேண்டும். பாலியூரித்தேனைப் பிளாஸ்டிக் ஸ்கைலைட்டில் போடுவதற்கு முன் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சில வகை அந்தப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழவைக்கும்.

நியாயமாகப் பார்த்தால், ஓடும்போது முறுக்கிக்கொள்ளும் எந்தப் பெட்டிக்கும் சீலன்ட் ஒருநாள் தளரும். வருடம் ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்ப்பது உரிமையாளரின் வேலைதான். ஆனால் கூரையும் சுவரும் சேரும் மூட்டின் மேலேயே ரெயிலை வைத்து, வரிசையாக ஓட்டை போட்ட வடிவமைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவும் மழைக்கு ஒரு வாசல்.

நேற்று இரவு நல்ல மழை. முன்பக்கம் உயரமாக நிறுத்தி, அந்த மூலைக்குக் கீழேயே படுத்துக் கூரைமேல் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் மீட்டர் 13 காட்டியது. இதை யார் விலைக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். நண்பருக்கு என் பதில் இன்னும் "வேண்டாம்"தான். அவரோ ஞாயிற்றுக்கிழமை இதே மாடலில் ஒன்றைப் பார்க்கப் போகிறாராம். மீட்டரை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன்.