கவலைப் பெட்டி: தகரமா, ஒட்டுப்பலகையா, திறப்பு யாரிடம்?

வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் துண்டில் எழுதிப் போடுவதற்காகப் பாடசாலைகளில் மாட்டும் பெட்டி இது. மட்டக்களப்பு நகரத்தில் சொல்லிச் செய்விக்கலாம்.

ஒட்டுப்பலகைப் பெட்டி பார்வைக்கு அழகு, மாரிக்கு உதவாது. கார்த்திகை, மார்கழி மழையில் ஓரம் உப்பிக் கதவு இறுகிவிடும். வர்ணம் பூசிய தகரம் தேவலை. ஆனால் கல்லடி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் உப்புக்காற்று முதலில் பிடிப்பது பிணைச்சலையும் ஆமைப்பூட்டையும்தான். பூட்டைப் பித்தளையில் கேளுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தொல்லை வேறு: சில நாள் திறக்காமல் விட்டால் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டும். அப்படி ஒரு கூட்டைக் கண்டால் அந்தப் பெட்டியின் கதை விளங்கிவிடும்.

உண்டியல் மாதிரி மேலே துவாரம் வெட்ட விடாதீர்கள். முன்பக்கத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, 12 சென்றிமீற்றர் நீளம், 1 சென்றிமீற்றர் அகலம் போதும். உள்ளே சரிவாக ஒரு தகடு வேண்டும். அது இல்லாவிட்டால் அடிமட்டத்தால் துண்டைக் கிளறி எடுப்பது தரம் 8 பையன்களுக்கு ஓர் இடைவேளை வேலை.

தகரப் பெட்டிக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். மீதி ஒன்றரை பாவிப்பவர்கள் கையில்.

அதிபர் அறை வாசலில் மாட்டினால் வெறுமையாகவே கிடக்கும். பிறகு "எங்கட பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை" என்று கூட்டத்தில் சொல்வார்கள். நூலகத்துக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ போகும் வழியில், சிறிய பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். திறப்பு உளவளத்துணை ஆசிரியரிடமும் இன்னொரு ஆசிரியையிடமும் இருக்கட்டும். ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியரிடம் ஒருபோதும் வேண்டாம்.

துண்டை அச்சடித்து வையுங்கள். வெறும் கடதாசியில் எழுதினால் கொப்பி திருத்தும் ஆசிரியருக்குக் கையெழுத்துப் பிடிபடும் என்ற பயம் பிள்ளைகளுக்கு உண்டு, அது நியாயமான பயம். பேச விருப்பமா, சேரிடமா டீச்சரிடமா, இன்றைக்கேயா என்பவற்றுக்குக் கட்டம் போட்டால் சரி இடுவதோடு முடியும். பெயர் கட்டாயமில்லை, ஆனால் பெயரோ வகுப்போ இல்லாத துண்டுக்குப் பதில் சொல்ல வழியில்லை என்பதை ஒன்றுகூடலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயர் எழுதிய பிள்ளையை மாணவத் தலைவரை அனுப்பிக் கூப்பிடுவது பெரிய பிழை, முழு வகுப்புக்கும் தெரிந்துவிடும். புத்தகம் எடுக்க வரச்சொல்வதுபோலக் கூப்பிடலாம்.

வாரம் ஒருமுறை திறக்கும் பெட்டி ஆபத்தானது. தினமும், பாடசாலை விடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர், இருவராகத் திறக்க வேண்டும். "சாகவேணும் போல இருக்கு" என்று துண்டு வந்தால் அன்றைக்கே தனியாக இருத்தி நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் அதிகரிக்காது. பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் பெற்றாரை அழைத்து, அவர்களோடு வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். வழி கேட்க ஆசிரியரும் எடுக்கலாம். துஷ்பிரயோகம் என்றால் பாடசாலைக்குள் விசாரணை வைக்காதீர்கள், பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அறிவியுங்கள். குற்றம் சாட்டப்படுபவர் அதே பாடசாலையில் இருந்தால் அவர் காதுக்கு எட்டுமுன் அழைப்பு போயிருக்க வேண்டும்.

விடுமுறை தொடங்கும் நாளில் பெட்டியை வெறுமையாக்கித் துவாரத்தை ஒட்டி மூடுங்கள். மேலே அந்த இரண்டு இலக்கங்களையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.