பார்ட் 61-ஆ, பார்ட் 141-ஆ: வேலைக்குப் போய்க்கொண்டே பைலட் ஆக விரும்புகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் பற்றி விசாரிக்கத் தொடங்கியதுமே இரண்டு எண்கள் காதில் விழும்: 61, 141. இரண்டும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளில் வரும் பகுதி (பார்ட்) எண்கள். 141 என்றால் பாடத்திட்டத்திலிருந்து வகுப்பறை வரை எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் வாங்கிய பள்ளி. 61-க்கு ஒரு இன்ஸ்ட்ரக்டரும் ஒரு விமானமும் போதும். விதி கேட்கிற பயிற்சியை எந்த வரிசையில் முடித்தாலும் சரி. நான் கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் 61 வழியாக எடுத்தேன். அலுவலக நண்பர் ஒருவர் அதே சமயத்தில் 141 பள்ளியில் சேர்ந்தார். 61 பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். 141 பற்றிச் சொல்வதில் பாதி அவரைக் குடைந்து கேட்டது.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். கடைசியில் கைக்கு வரும் அட்டை ஒன்றேதான். எந்த வழியில் வாங்கினீர்கள் என்று அதில் இருக்காது. எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. லைசென்ஸ் வாங்க 17 வயது, தனியாகப் பறக்க 16. மெடிக்கலை, அதாவது உடல்தகுதிச் சான்றிதழை மட்டும் பணம் கட்டும் முன்பே முடித்துவிடுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை, முன்பு வந்த சிறுநீரகக் கல் என்று ஏதாவது இருந்தால் காகிதம் மாதக்கணக்கில் இழுக்கும்.

நம்மவர்களுக்கு இன்னொரு படி உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத எவரும், கிரீன் கார்டு வைத்திருப்பவர் உட்பட, பயிற்சி தொடங்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.விடம் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். 141 பள்ளிகளுக்கு இது அன்றாட வேலை. தனியாகச் சொல்லிக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டராக இருந்தால் அவரும் டி.எஸ்.ஏ. தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சிலர் அந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். முதல் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. இந்தியாவிலிருந்து இதற்கென்றே மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்த அலசல் தேவையே இல்லை. விசாவுக்கான ஐ-20 படிவம் தரக்கூடிய பள்ளிகள் பெரும்பாலும் 141 வகைதான்.

இனி விளம்பரங்களில் பெரிதாகப் போடும் விஷயம். 141-ல் குறைந்தபட்சம் 35 மணி நேரம் பறந்தால் போதும், 61-ல் 40. ஐந்து மணி நேரம் மிச்சம் என்று மயங்க வேண்டாம். எந்த வழியாக இருந்தாலும் அந்தக் குறைந்தபட்சத்தில் முடிப்பவர்கள் அபூர்வம். வேலைக்குப் போகிறவர்களுக்கு 60, 70 மணி என்று போவது சகஜம். ஆகவே செலவைத் தீர்மானிப்பது 35-ஆ 40-ஆ என்பதைவிட, அந்த 60, 70-ல் எத்தனை மணி நேரம் மறந்ததைத் திரும்பக் கற்கப் போகிறது என்பதுதான். பாட்டு கற்றவர்களுக்குத் தெரியும், இரண்டு வாரம் சாதகம் விட்டுப்போனால் அடுத்த வகுப்பு முழுக்கப் பழைய பாடம்தான். இங்கே செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்துக்கும் இன்ஸ்ட்ரக்டருக்கும் சேர்த்து மணிக்கு 250 டாலருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பழைய பாடம் நடக்கும்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது? முதலில் வானிலை. கோடையில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா பக்கமிருந்து தாழ்மேகம் உள்ளே வரும். குளிர்காலத்தில் லிவர்மோர் பளிச்சென்று இருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல் வேலி முழுக்கத் தூலி மூடுபனியில் கிடக்கும். மெர்செட் வரை கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு ஊர் வரை பறக்கும் பயிற்சிக்குப் போட்ட திட்டம் அன்றைக்கு அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாளில் 61 இன்ஸ்ட்ரக்டர் தோளைக் குலுக்கிவிட்டு, "சரி, ஷார்ட் ஃபீல்டு லேண்டிங் பண்ணுவோம்" என்பார், குறுகிய ரன்வேயில் இறங்கும் பயிற்சி. லிவர்மோரின் 25 லெஃப்ட் ரன்வே 2,700 அடிதான், அதற்கென்றே கட்டிய மாதிரி. வகுப்பு வீணாகாது.

ஒரு கோடை மாலை நன்றாக நினைவிருக்கிறது. அன்றைய பாடம் ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விமானம் சரியும் நிலை. ஸ்டாலிலிருந்து மீள்வது தரையிலிருந்து 1,500 அடிக்கு மேலேயே முடிந்தாக வேண்டும். மேகமோ 3,000 அடியில் தொங்குகிறது, உயரம் பற்றவில்லை. ஆல்டமான்ட் கணவாயின் காற்றாலைகளைத் தாண்டி பைரன் என்ற சிறு விமான நிலையத்துக்குப் போனோம். அங்கே டவர் கிடையாது. குறுக்குமறுக்காக இரண்டு ரன்வே, தென்மேற்கே இருந்து அடிக்கும் காற்று. காற்றுக்கு நேராக இறங்கும் 23-ஆம் ரன்வேயை விட்டுவிட்டு வேண்டுமென்றே 30-ஐ எடுக்கச் சொன்னார் இன்ஸ்ட்ரக்டர். காற்று இடப்பக்கம். இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரட்டரை மிதித்து மூக்கை ரன்வே கோட்டில் நிறுத்தி, இடது சக்கரம் மட்டும் முதலில் தொடும்படி இறக்க வேண்டும். தொட்டதும் கையைத் தளர்த்தினால் காற்று இறக்கையைத் தூக்கும். வேகம் குறையக் குறைய கையிலிருக்கும் ஸ்டியரிங்கை இன்னும் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போக வேண்டும். இருட்டும் வரை அதே வேலை. குறுக்குக் காற்றில் இறங்கும் பயம் எனக்கு விட்டது அன்றைக்குத்தான்.

141-ல் இது நடக்காதா என்றால், பள்ளியைப் பொறுத்தது. ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தின் வரிசைப்படி போக வேண்டும். ஒரே கட்டத்துக்குள் பாடங்களை முன்பின் மாற்ற இடம் தரும் திட்டங்களும் உண்டு. ஆனால் ஒரு கட்டம் முடிந்தால் ஸ்டேஜ் செக், அதாவது தலைமை இன்ஸ்ட்ரக்டரோ அவர் நியமித்தவரோ உங்களைச் சோதிப்பது, முடியாமல் அடுத்த கட்டம் கிடையாது. நண்பர் மாட்டியது இங்கேதான். சோதிப்பவருக்கு வார நாள் பகலில் ஒழியும், நண்பருக்கு மாலையும் சனிக்கிழமையும்தான். இரண்டும் பொருந்தும் வரை லேண்டிங் துருப்பிடித்தது. முழுநேரம் படிக்கிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வாரம் ஐந்து நாள் விமான நிலையத்திலேயே கிடப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு நன்மையாகக்கூட இருக்கும்.

இரண்டாவது இடைவெளி இன்ஸ்ட்ரக்டர் மாறுவது. 2009-ல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்தைத் தொடர்ந்து, 2013 முதல் ஏர்லைன் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்றாகிவிட்டது. அந்த மணியைச் சேர்க்கத்தான் இளைஞர்கள் சொல்லிக்கொடுக்க வருகிறார்கள், சேர்ந்ததும் போய்விடுவார்கள். குறை சொல்ல முடியாது. கிளப்பில் எனக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்றவர், எங்கேயும் ஓடப் போவதில்லை. 61 எடுப்பதென்றால் இப்படி ஒருவரைத் தேடுவதில்தான் முதல் மாதத்தைச் செலவழிக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் என் வாதம் பாதி விழுந்துவிடும். இன்ஸ்ட்ரக்டர் போனால் 141 பள்ளியில் உங்கள் கோப்பு பாடம் பாடமாக எழுதி வைத்திருக்கும், அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து எடுப்பார். 61-ல் புதியவர் லாக் புக்கைப் புரட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்வார்.

மூன்றாவது, செக்ரைடு, அதாவது லைசென்ஸுக்கான கடைசிப் பறக்கும் தேர்வு. எஃப்.ஏ.ஏ. நியமித்த தேர்வாளரின் தேதி கிடைப்பது இந்த விரிகுடாப் பகுதியில் (பே ஏரியா) தவம். தேர்வுக்கு முந்தைய இரண்டு காலண்டர் மாதங்களுக்குள் இன்ஸ்ட்ரக்டரோடு மூன்று மணி நேரத் தயாரிப்பு இருக்க வேண்டும் என்பது விதி; தேதி தள்ளிப்போனால் அதையும் திரும்பச் செய்ய வேண்டி வரும். இங்கே சில 141 பள்ளிகளுக்குப் பெரிய அனுகூலம் இருக்கிறது: தேர்வை அவர்களே நடத்தும் அதிகாரம். எல்லாப் பள்ளிக்கும் அது கிடையாது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இருந்தால் நான் மேலே சொன்னதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்து யோசியுங்கள்.

பாதியில் மாறுவதிலும் 141-க்கே சாதகம். 141-ல் பறந்த மணிகள் அப்படியே 61-க்குச் செல்லும். 61-லிருந்து 141-க்குப் போனால் பாடத்திட்டத்தில் கால்வாசி வரைதான் கழித்துக்கொள்வார்கள்.

லைசென்ஸ் வந்த பிறகு என்ன என்பதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பல பள்ளிகளில் விமானம் முதலில் மாணவர்களுக்குத்தான். கிளப்பில் கற்ற அதே 172-ஐ ஞாயிறு காலை எடுத்துக்கொண்டு ஐ-5 ஓரத்து ஹாரிஸ் ராஞ்சில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கலாம், கிளப் மாதச் சந்தாவைக் கட்டிக்கொண்டிருக்கும் வரை. 2025 அக்டோபர் முதல் ஸ்போர்ட் பைலட் லைசென்ஸிலேயே 172 ஓட்டலாம், 20 மணி நேரம்தான், அதை எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூட ஒருவரைத்தான் ஏற்ற முடியும். மனைவியா, பிள்ளையா என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லத் தயாராக இருந்தால் எடுங்கள்.

விமானத்தையே தொழிலாக்க நினைப்பவர்களுக்கு மேலே உள்ள கணக்கு பொருந்தாது. சம்பளத்துக்குப் பறக்கத் தேவையான கமர்ஷியல் லைசென்ஸுக்கு 61-ல் 250 மணி, 141-ல் 190. அங்கே வித்தியாசம் நிஜமான பணம். அந்தப் பக்கம் நான் போனதில்லை, போகிற உத்தேசமும் இல்லை. அதற்கு ஏர்லைனில் இருக்கும் யாரையாவது பிடித்துக் கேளுங்கள். எந்தப் பள்ளியானாலும் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள், பத்துப் பத்து மணியாகக் கட்டுங்கள்.