பட்ட மரம் தெரியும் அறை: ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீடு

சேலத்தில் 22 வருடமாக மரக்கடை வைத்திருக்கிறேன். மரத்தைப் பார்த்தாலே எத்தனை கன அடி தேறும் என்றுதான் மனசு கணக்குப் போடும். போன மாதம் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, காபித் தோட்டத்துக்குள் இருக்கும் இந்த வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பட்டுப்போன சில்வர் ஓக். "இதை ஏங்க வெட்டாம வச்சிருக்கீங்க?" என்றேன். "வீட்டு மேல சாயாது, கரண்ட் கம்பிக்கும் எட்டாது. நின்னுட்டுப் போகட்டுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா.

காலை ஆறரைக்கு அந்த மரத்திலிருந்து தூள் கொட்டிக்கொண்டிருந்தது. சாய்ந்த கிளையின் அடிப்பக்கம், எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து ஒரு குக்குறுவான் பறவை தலையை நீட்டியது. பச்சை உடம்பு, கன்னத்தில் வெள்ளைத் தீற்றல். வாய் நிறைய மரத்தூளை உதறிவிட்டு உள்ளே போனது, திரும்ப வந்தது. ஓட்டை அடிப்பக்கம் இருப்பதால் மழைத்தண்ணி இறங்காது. எங்கள் ஆசாரிக்கு இதெல்லாம் சொன்னால்தான் தோன்றும்! உயிருள்ள கெட்டி மரத்தில் அந்த அலகு ஏறாது, உளுத்த கட்டைதான் வேண்டும். அது காலி செய்த பொந்தில் அப்புறம் மைனாவோ குண்டுகரிச்சானோ குடிவரும்.

பட்டை உரிந்த இடமெல்லாம் புழு குடைந்த கோடுகள். கடையில் அப்படி ஒரு கட்டை வந்தால் விலையைப் பாதியாக்குவேன். இங்கே ஒரு மரங்கொத்தி அதையே சுற்றிச் சுற்றித் தட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் சோலையில் விழுந்து கிடக்கும் பெரிய மரத்தையும் பாருங்கள். மழை பெய்து பத்து நாள் ஆகியும், விரலால் அழுத்தினால் ஈரம் கசிகிறது. அதன் முதுகில் பாசி, காளான், நாலைந்து மரக்கன்றுகள். விறகுக்குக்கூட யாரும் தொடுவதில்லையாம்.

மற்றபடி வீடு சுமார்தான். வெந்நீர் எட்டு மணிக்கு மேல்தான். கோழி வறுவலில் எண்ணெய் மிதந்தது. கடைசி அரை கிலோமீட்டர் சேறு, சின்ன கார் அடி தட்டும். ஒரு இரவுக்கு 2,800 ரூபாய் என்பது அந்தக் குளியலறைக்கு அதிகம்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். போனால் பின்பக்க மூலை அறையைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்க அறைகளில் ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரியும்.